மூன்று ஆண்டில் பத்து மாதம்: தஞ்சாவூர் தொகுதியின் தேர்தல் வரலாறு

2016 மே மாதத்திலிருந்து 2019 மே மாதம் வரை மூன்று ஆண்டுகள். இந்தக் காலத்தில் தஞ்சாவூர் தொகுதிக்கு எம்.எல்.ஏ. என்று ஒருவர் இருந்தது ஏறக்குறைய பத்து மாதம்தான். மீதி இருபத்தாறு மாதமும் நாற்காலி காலி. மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகங்கள், பெரிய கோயில், விமானப்படைத் தளம் என்று எல்லாம் இருக்கிற மாவட்டத் தலைநகர் அது. ஆனால் சட்டமன்றத்தில் அதன் பெயரைச் சொல்லி எழுந்து நிற்க ஆள் இல்லை. அதே காலத்தின் பெரும்பகுதியில் மாநகராட்சியில் கவுன்சிலரும் கிடையாது, சுற்றியிருக்கும் ஊராட்சிகளில் தலைவரும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு முழுமையாகும்.

முதல் காலியிடத்துக்குக் காரணம் ஓட்டுக்குப் பணம். இரண்டாவதற்குக் காரணம் கட்சித் தாவல் தடைச் சட்டம். இரண்டும் வெவ்வேறு கதைகள்தான். ஆனால் இரண்டிலும் தண்டனை கடைசியில் வாக்காளர் தலையில்தான் வந்து விழுந்தது. இந்த ஆய்வு அதைப் பற்றியது. அதற்கு முன் தொகுதி எப்படிப்பட்டது, அறுபது ஆண்டாக அது எப்படி வாக்களித்து வந்தது என்று தெரிந்தால்தான் 2016-ல் என்ன முறிந்தது என்பது புரியும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

தஞ்சாவூர் நகரம் காவிரி டெல்டாவின் விளிம்பில் இருக்கிறது. வடக்கே வடவாறு, வெண்ணாறு, வயல். தெற்கிலும் மேற்கிலும் நிலம் மேடேறி வல்லம், புதுக்கோட்டைப் பக்கம் செம்மண்ணாகிவிடும். நடுவில் கல்லணைக் கால்வாய் ஓடுகிறது. 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கால்வாய்; ஊரில் அதற்குப் பெயர் புது ஆறு. அதற்கு வடக்கே கோட்டைக்குள் நான்கு ராஜ வீதிகள், கீழவாசல் கடைத்தெரு, அதைத் தாண்டிக் கரந்தை. தெற்கே மருத்துவக் கல்லூரிச் சாலை, புதிய பேருந்து நிலையம், நாஞ்சிக்கோட்டைச் சாலை. ஓய்வு பெற்ற ஆசிரியர், மின்வாரிய ஊழியர், மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ நிலத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகள் படிப்புக்காக இங்கே மனை வாங்கி வீடு கட்டியவர் என்று புறநகர் பெருகியது இந்தத் தென்பகுதியில்தான்.

2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு உள்ள தொகுதியில் நகரத்தோடு நாஞ்சிக்கோட்டை, நீலகிரி, விளார், பிள்ளையார்பட்டி போன்ற ஊராட்சிகளும் சேர்ந்திருக்கின்றன. பெயர்தான் ஊராட்சி. உள்ளே போனால் நகர் நகராகப் பெயர்ப்பலகை. பாதி இடத்தில் சாக்கடை கிடையாது. மாநகராட்சி இது எங்கள் எல்லையில்லை என்று சொல்லும். ஊராட்சியிடம் பணம் இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதிக்கு மதிப்பு அதிகம். ஒரு ரேஷன் கடைக் கட்டடம், ஒரு உயர்கோபுர விளக்கு, ஒரு நிழற்குடை என்று கேட்பதற்கு வேறு ஆள் இருக்காது.

சுற்றியுள்ள டெல்டா தொகுதிகளில் தேர்தல் பேச்சு என்றால் மேட்டூர் எப்போது திறப்பார்கள், குறுவைக்குத் தண்ணீர் வருமா, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எவ்வளவு பிடித்தம் என்றுதான் ஓடும். தஞ்சாவூர் தொகுதியில் வயல் குறைவு. ஆனால் சம்பா அறுவடை நன்றாக இருந்தால்தான் கீழவாசலில் துணிக்கடைக்காரர் முகத்தில் சிரிப்பு வரும். ஆகவே டெல்டாவின் கவலை இங்கே கடைக்காரர் கவலையாக உருமாறி வருகிறது.

காற்றுக்கு எதிர்த் திசையில்

1957-ல் காங்கிரஸின் ஏ.ஒய்.எஸ். பரிசுத்த நாடார் வென்றார். மாநிலம் முழுக்கக் காங்கிரஸ் அலை. அதில் ஆச்சரியம் இல்லை. 1962-ல்தான் தஞ்சாவூர் முதன்முதலாகத் தனி வழி போனது.

அந்தத் தேர்தலின் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1957-ல் தி.மு.க. முதன்முறையாகப் போட்டியிட்டுப் பதினைந்து இடங்களில் வென்றிருந்தது. அடுத்த தேர்தலில் அந்தப் பதினைந்து பேரையும் குறிவைத்துத் தோற்கடிக்கக் காங்கிரஸ் வேலை செய்தது. ஏறத்தாழ வெற்றியும் பெற்றது. காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். பதினைந்தில் பதினான்கு பேர் திரும்பவில்லை. தப்பிய ஒருவர் மு. கருணாநிதி. குளித்தலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு வந்து, அப்போது பதவியில் இருந்த எம்.எல்.ஏ.வான பரிசுத்த நாடாரையே எதிர்த்து நின்றார். வித்தியாசம் 1,928 வாக்குகள். அன்றைக்கு இன்னும் ஆயிரம் பேர் கை மாறிக் குத்தியிருந்தால் தமிழ்நாட்டு அரசியல் வேறு மாதிரி போயிருக்குமோ என்று டீக்கடையில் இன்றும் பேசலாம். தஞ்சாவூரிலிருந்து போனவர் அந்தச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் துணைத்தலைவர் ஆனார்.

அடுத்த தேர்தல் இன்னும் சுவாரசியமானது. 1967-ல் தி.மு.க. அலை. விருதுநகரில் காமராஜரே தோற்றார். கருணாநிதி சைதாப்பேட்டைக்குப் போய்விட்டார். அவரைத் தேர்ந்தெடுத்த தஞ்சாவூர், தி.மு.க. ஆட்சியைப் பிடித்த அதே தேர்தலில், காங்கிரஸ்காரரான பரிசுத்த நாடாரைத் திரும்ப அனுப்பியது. 1950-களின் இறுதியில் இந்த ஊருக்கு மருத்துவக் கல்லூரி வந்தபோது எம்.எல்.ஏ.வாக இருந்தவர் அவர். ஒரு தொகுதிக்கு இதைவிடப் பெரிய சாதனையைக் காட்டி ஓட்டுக் கேட்க முடியாது. கட்சிக்காக அல்ல, ஆளுக்காக விழுந்த ஓட்டு அது என்றுதான் நான் படிக்கிறேன். 1962-ல் 30 ஆயிரம் ஓட்டு வாங்கித் தோற்றவர், சரியான எதிராளி இல்லாத இடத்தில் திரும்பி வந்தார்.

அப்புறம் எஸ். நடராஜன் காலம். 1971, 1977, 1980 என்று மூன்று முறை தொடர்ந்து தி.மு.க. சார்பில் வென்றார். இதில் 1977-ம் 1980-ம் எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பிடித்த தேர்தல்கள். மாநிலம் இரட்டை இலைக்குப் போனபோது தஞ்சாவூர் நகரம் உதயசூரியனைப் பிடித்துக்கொண்டு நின்றது. இடையில் 1979-ல் தஞ்சாவூர் மக்களவை இடைத்தேர்தலில் இந்திரா காந்தி நிற்கப்போகிறார் என்ற பேச்சு எழுந்து, எம்.ஜி.ஆர். பின்வாங்கியதால் அது நடக்காமல் போய், காங்கிரஸின் சிங்காரவடிவேல் வென்றது தனிக் கதை. நாடாளுமன்றக் கதையை இங்கே இழுத்தால் கட்டுரை முடியாது.

1984-ல் இந்திரா காந்தி படுகொலை, எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில். அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற காங்கிரஸின் துரை கிருஷ்ணமூர்த்தி தொகுதியைப் பிடித்தார். 1989-ல் தி.மு.க.வின் எஸ்.என்.எம். உபயதுல்லா. 1991-ல் அ.தி.மு.க.வின் எஸ்.டி. சோமசுந்தரம், எஸ்.டி.எஸ். என்றால்தான் டெல்டாவில் தெரியும். பிறகு 1996, 2001, 2006 மூன்றிலும் மறுபடி உபயதுல்லா. இந்த மூன்றில் கவனிக்க வேண்டியது 2001. தி.மு.க. மாநிலம் முழுவதும் 31 இடங்களில் சுருங்கிய தேர்தல் அது. அந்த 31-ல் ஒன்று தஞ்சாவூர். 2006-ல் அவர் வணிக வரித்துறை அமைச்சரானார்.

1957-லிருந்து 2011 வரை பதின்மூன்று பொதுத்தேர்தல்கள். அதில் 1962, 1967, 1977, 1980, 2001 ஆகிய ஐந்தில் தஞ்சாவூர் ஆட்சிக்கு வராத அணியின் ஆளை அனுப்பியிருக்கிறது. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். எம்.எல்.ஏ.வே இல்லாமல் இருப்பது எப்படி என்றுதான் தெரியாது.

2011-ல் அ.தி.மு.க.வின் மா. ரங்கசாமி உபயதுல்லாவைத் தோற்கடித்தார். தி.மு.க. 23 இடங்களுக்கு இறங்கிய தேர்தலில் தஞ்சாவூரும் போனது. 2016-ல் அதே ரங்கசாமி மறுபடி நின்றார், தி.மு.க. சார்பில் அஞ்சுகம் பூபதி. கதை இங்கேதான் திசை மாறுகிறது.

ரத்து

வாக்குப்பதிவு மே 16. அதற்கு இரண்டு நாள் முன்பு அரவக்குறிச்சித் தேர்தலைத் தேர்தல் ஆணையம் ஒத்திவைத்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் தஞ்சாவூர். முதலில் மே 23 என்றார்கள். பிறகு ஜூன் 13 என்றார்கள். மே 28-ம் தேதி இரண்டு தொகுதிகளின் தேர்தல் அறிவிக்கையுமே திரும்பப் பெறப்பட்டது. வாக்காளர்களுக்குப் பணமும் பொருளும் கொடுக்கப்பட்ட அளவைப் பார்த்தால் இப்போதைக்கு நேர்மையான தேர்தல் நடத்த முடியாது என்பது ஆணையம் சொன்ன காரணம். பணப்பட்டுவாடாவுக்காக இந்தியாவில் ஒரு சட்டமன்றத் தொகுதியின் தேர்தலே ரத்தானது அதுதான் முதல் முறை.

பட்டுவாடா எப்படி நடக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு அதற்கு ‘ஃபார்முலா’ என்றே பெயர் வந்துவிட்டது. வாக்காளர் பட்டியலின் நகல் ஒன்று பூத் பொறுப்பாளர் கையில் இருக்கும். பாகம் எண், வீட்டு எண், பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் எத்தனை ஓட்டு என்று பேனாவில் குறித்து, வெளியூரில் இருப்பவர், இறந்தவர் பெயர்களை அடித்துவிட்டு, இருபது முப்பது வீட்டுக்கு ஒரு ஆள் என்று பிரிப்பார்கள். வருபவர் அந்தத் தெருக்காரராகத்தான் இருப்பார். “அக்கா, நம்ம வீட்டுல நாலு ஓட்டுதானே, பெரியவன் ஊர்ல இருக்கானா?” என்று வாசலில் நின்றபடி கேட்டுச் சரிபார்த்துவிட்டுக் கொடுத்துப் போவார். பறக்கும் படை நெடுஞ்சாலையில் கார் டிக்கியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பணம் ஏற்கெனவே அந்தந்தத் தெருவுக்குள் வந்திருக்கும். தஞ்சாவூர் போன்ற நகரத் தொகுதியில் இது இன்னும் சுலபம். வீடுகள் நெருக்கம், கிராமம் போல வெளியாள் வந்தால் உடனே கண்ணில் படாது.

பணப்பட்டுவாடா நடந்தது என்று ஆணையமே முடிவு செய்துவிட்டது. சரி, அடுத்து என்ன? ரத்து செய்வதற்கு ஆணையம் பிடித்துக்கொண்டது தேர்தல் நடத்தும் பொறுப்பை அதற்குத் தரும் அரசியல் சட்டத்தின் 324-வது பிரிவையும், போட்ட உத்தரவைத் திரும்பப் பெறும் அதிகாரத்தைத் தரும் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 21-வது பிரிவையும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய 58ஏ என்று தனிப்பிரிவு உண்டு. லஞ்சத்துக்கு அப்படி ஒன்று இல்லை. தனக்கு 58பி என்று ஒரு பிரிவு வேண்டும் என ஆணையம் மத்திய அரசைக் கேட்டது, அரசு ஏற்கவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. வாக்காளருக்குப் பணம் கொடுப்பது அந்தச் சட்டத்தின் 123(1) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. நிரூபணமானால் ஆறு ஆண்டு வரை தேர்தலில் நிற்கத் தடை வரலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டிய இடம் தேர்தல் வழக்கு. தேர்தல் வழக்கு போட வேண்டுமானால் தேர்தல் நடந்து ஒருவர் வென்றிருக்க வேண்டும். தேர்தலே ரத்தானால் வென்றவர் இல்லை. வென்றவர் இல்லையென்றால் வழக்கும் இல்லை. வழக்கு இல்லையென்றால் அந்த வழியில் தடையும் இல்லை. மிச்சம் இருப்பது அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தேர்தல் லஞ்சத்துக்கான 171ஈ பிரிவு, அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. இவ்வளவு பெரிய நடவடிக்கைக்குப் பிறகு எந்தக் கட்சியும் எந்த வேட்பாளரும் களத்திலிருந்து விலக்கப்படவில்லை. களத்திலிருந்து விலக்கப்பட்டது தொகுதி மட்டும்தான். நோயாளியைக் குணப்படுத்த முடியாமல் ஆஸ்பத்திரியையே இழுத்துப் பூட்டியது போல.

இதில் ஆணையத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பணம் வெள்ளமாக ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு வாக்குப்பதிவு நடத்தியிருக்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஜூன் மாதம் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப்போடும் மாநிலங்களவைத் தேர்தல் வருகிறது, அதற்குள் இரண்டு தொகுதிக்கும் தேர்தலை முடியுங்கள் என்று அப்போதைய ஆளுநர் கே. ரோசய்யா ஆணையத்துக்கு எழுதினார்; தேர்தல் எப்போது என்று முடிவு செய்வது எங்கள் வேலை என்கிற தொனியில் ஆணையம் பதில் சொன்னது. சட்டப்படி ஆணையம் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்தில்கூடப் பேச்செல்லாம் மாநிலங்களவை ஓட்டைப் பற்றித்தான். நாஞ்சிக்கோட்டையில் மழைநீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு வரிசைகள்

ஆறு மாதம் கழித்து, 2016 நவம்பர் 19-ம் தேதி, திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலோடு சேர்த்து இரண்டு தொகுதிகளுக்கும் வாக்குப்பதிவு. புதிய அறிவிக்கை, புதிய வேட்புமனு, புதிய செலவுக் கணக்கு. வேட்பாளர்கள் மட்டும் பழையவர்கள். தஞ்சாவூரில் மறுபடியும் ரங்கசாமி, மறுபடியும் அஞ்சுகம் பூபதி.

இந்தத் தேர்தலில் இரண்டு விரல்கள் நினைவில் நிற்க வேண்டியவை. ஒன்று ஜெயலலிதாவின் கட்டைவிரல். செப்டம்பர் 22 முதல் அவர் அப்போலோவில். வேட்பாளருக்குச் சின்னம் கிடைக்க வேண்டுமானால் கட்சித் தலைமை கையெழுத்திட்ட ஏ, பி படிவங்கள் வேண்டும். அந்தப் படிவங்களில் கையெழுத்துக்குப் பதிலாக அவருடைய கைரேகை இருந்தது. ஒரு மருத்துவர் அதற்குச் சான்றளித்திருந்தார். அந்தக் கைரேகையை வைத்து நடந்த வழக்கில் திருப்பரங்குன்றத்தில் ஏ.கே. போஸ் வென்றது செல்லாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்று வாக்காளரின் ஆள்காட்டி விரல். நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. வாக்குப்பதிவுக்குப் பதினோரு நாள் இருந்தது. பணத்தால் ரத்தான தேர்தல் திரும்ப நடக்கும் நேரத்தில் ஊரில் யார் கையிலும் பணம் இல்லை. வங்கி வாசலில் வரிசை, ஏ.டி.எம். வாசலில் வரிசை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து பழைய நோட்டை மாற்றாமலிருக்க வலது கை விரலில் மை வைக்க அரசு முடிவு செய்தது. வாக்குச்சாவடியில் வைப்பது இடது கை விரல். இருந்தாலும் குழப்பம் வந்துவிடக் கூடாது, இடைத்தேர்தல் நடக்கிற இடங்களில் இதைத் தவிருங்கள் என்று தேர்தல் ஆணையம் நிதி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதியது.

ரங்கசாமி 1,01,362 வாக்குகள், அஞ்சுகம் பூபதி 74,488. வித்தியாசம் 26,874. மூன்று தொகுதிகளையும் அ.தி.மு.க.வே பிடித்தது. நவம்பர் 22-ல் முடிவு வந்தது. டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்தார்.

பத்து மாதம்

தஞ்சாவூருக்கு எம்.எல்.ஏ. கிடைத்துவிட்டார். ஆனால் அந்தப் பத்து மாதத்தில் கட்சிக்குள் நடந்ததைப் பார்த்தால் தொகுதியைக் கவனிக்க நேரம் எங்கே இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றும். பிப்ரவரியில் கட்சி இரண்டு அணியாக உடைந்து எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் தங்க வைக்கப்பட்டார்கள், 18-ம் தேதி எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு. ஆகஸ்டில் இரு அணிகள் இணைப்பு. ஆகஸ்ட் 22-ல் டி.டி.வி. தினகரன் பக்கம் நின்ற எம்.எல்.ஏ.க்கள் முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். பிறகு புதுச்சேரி விடுதி, அப்புறம் குடகு. செப்டம்பர் 18-ம் தேதி சபாநாயகர் ப. தனபால் அவர்களில் பதினெட்டுப் பேரைக் கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி தகுதி நீக்கம் செய்தார். ரங்கசாமி அதில் ஒருவர். அரவக்குறிச்சியின் செந்தில்பாலாஜி இன்னொருவர். பணத்துக்காக ரத்தான இரண்டு தொகுதிகளும் ஒரே நாளில் மறுபடி எம்.எல்.ஏ. இல்லாத தொகுதிகள் ஆயின.

இதே பத்து மாதம் டெல்டாவுக்கு எப்படிப்பட்ட காலம் என்பதையும் பார்க்க வேண்டும். 2016-ல் மேட்டூர் செப்டம்பர் 20-ல்தான் திறந்தது, குறுவை இல்லை. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. சம்பா கருகியது. 2017-ல் மேட்டூர் திறந்தது அக்டோபர் 2. கீழவாசலில் வியாபாரம் படுத்த ஆண்டு.

யாரிடம் போய்ச் சொல்வது

தகுதி நீக்க வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 2018 ஜூன் 14-ல் தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜியும் நீதிபதி எம். சுந்தரும் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25-ல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். வழக்கு நடக்கும்வரை இடைத்தேர்தல் இல்லை. தனி ஒருவரின் பதவி பற்றிய வழக்கு என்று பார்த்தால் பதின்மூன்று மாதம் அதிகமில்லை. நம் நீதிமன்ற வேகத்துக்கு நல்ல வேகம்தான். ஆனால் வழக்கின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பதினெட்டுத் தொகுதிகள் காத்திருந்தன.

தஞ்சாவூருக்கு இதில் கூடுதல் சிக்கல். 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அந்த மாதக் கடைசியில் பழைய பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊராட்சிகளுக்குத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில். ஆக, 2017 செப்டம்பர் முதல் 2019 மே வரை நகரத்துக்குள் இருப்பவருக்குக் கவுன்சிலரும் இல்லை எம்.எல்.ஏ.வும் இல்லை. விளாரிலோ நீலகிரியிலோ இருப்பவருக்கு ஊராட்சித் தலைவரும் இல்லை எம்.எல்.ஏ.வும் இல்லை. மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவர் என்று மிஞ்சியவர் ஒருவர்தான், மக்களவை உறுப்பினர். அவருக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள்.

இந்த நேரம் பார்த்துத்தான் தஞ்சாவூர் பொலிவுறு நகரம் ஆகிக்கொண்டிருந்தது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மதுரை, சேலம், வேலூரோடு தஞ்சாவூரும் 2016 செப்டம்பரில் சேர்க்கப்பட்டது. அன்றைக்கும் எம்.எல்.ஏ. இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டுவது, காமராஜர் காய்கறிச் சந்தையைப் புதிதாகக் கட்டுவது, அகழியைச் சீரமைப்பது என்று ஊரின் முகத்தையே மாற்றும் வேலைகள். எந்தக் கடை எங்கே மாறும், பேருந்து எங்கே நிற்கும், தற்காலிகச் சந்தை எங்கே என்பதெல்லாம் அன்றாடப் பிழைப்பைத் தொடும் கேள்விகள். கவுன்சிலர் இருந்தால் மன்றத்தில் கூச்சல் போட்டிருப்பார். அந்தக் கூச்சலில் பாதி சுயநலமாக இருந்திருந்தாலும் மீதிப் பாதி தெருவின் குரல். எம்.எல்.ஏ. இருந்தால் அவர் வீட்டு வாசலில் காலையில் பத்துப் பேர் மனுவோடு நின்றிருப்பார்கள். இரண்டும் இல்லாதபோது மனு கொடுக்கும் ஒரே இடம் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தின் குறைதீர் கூட்டம். மனுவை வாங்கி எண் போட்டுக் கொடுப்பார்கள். அது பிரச்சினை எந்த அலுவலகத்தில் தொடங்கியதோ அங்கேயே போய்ச் சேரும்.

நேர்மையாகச் சொன்னால், இந்த இருபது மாதத்தில் எம்.எல்.ஏ. இல்லையே என்று ஊர் கொதித்துவிடவில்லை. தண்ணீர் வந்தது, குப்பை எடுத்தார்கள், ரேஷன் கடை திறந்தது. அதிகாரிகள் வேலை செய்தார்கள். சிலர் நன்றாகவே செய்தார்கள். எனக்கு இதுதான் கவலையாகப் படுகிறது. எம்.எல்.ஏ. இல்லாமலும் காலம் ஓடிவிடும் என்ற பழக்கம் ஊருக்கு வந்தால் அடுத்த தேர்தலில் வாசலுக்கு வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கப்போகிறது?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தஞ்சாவூர் நகரத்துக்கு அந்த அளவு அடி இல்லை. ஆனால் மாவட்டத் தலைநகர் என்பதால் அதிகாரிகளும் அமைச்சர்களும் நிவாரணப் பொருளும் வந்து போனது இதன் வழியாகத்தான். மாவட்டத்தின் மற்ற எம்.எல்.ஏ.க்கள் ஆளாளுக்குத் தங்கள் பகுதிக் கணக்கைக் கேட்டு நின்ற நேரத்தில் தலைநகருக்கு என்று கேட்க ஆள் கிடையாது.

திரும்பி வந்த தொகுதி

2019 ஏப்ரல் 18-ம் தேதி மக்களவைத் தேர்தலோடு சேர்த்து இடைத்தேர்தல். தி.மு.க.வின் டி.கே.ஜி. நீலமேகம் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அ.தி.மு.க.வின் ஆர். காந்தியைத் தோற்கடித்தார். தகுதி நீக்கத்துக்கு ஆளான ரங்கசாமி தினகரன் தொடங்கிய அ.ம.மு.க.வின் பரிசுப் பெட்டிச் சின்னத்தில் நின்று மூன்றாம் இடத்துக்குப் போனார். நவம்பர் 2016-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியவர் அவர். அந்த ஓட்டில் இரட்டை இலைக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்பது அன்று தெரிந்துவிட்டது. 1967-ல் ஆளுக்கு ஓட்டு என்று சொன்னேன் இல்லையா, ஐம்பது ஆண்டில் நிலைமை தலைகீழ். இப்போது சின்னம் இல்லாத ஆளுக்கு இந்த ஊரில் மரியாதை உண்டு, ஓட்டுக் குறைவு.

2021-ல் மறுபடி நீலமேகம். வித்தியாசம் 47 ஆயிரத்துக்கும் மேல். தி.மு.க.வும் ஆட்சிக்கு வந்தது. 2022 பிப்ரவரி 19-ல் மாநகராட்சித் தேர்தல். 2014-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பிறகு தஞ்சாவூர் சந்தித்த முதல் மாநகராட்சித் தேர்தல் அது, தி.மு.க.வின் சண். ராமநாதன் மேயரானார்.

சட்டம் மட்டும் தஞ்சாவூரில் விட்ட இடத்திலேயே நின்றது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் இதே காரணத்துக்காக ரத்தானது. டிசம்பரில் திரும்ப நடந்தது. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. ஒவ்வொரு முறையும் ஆணையம் அதே 324-ஐயும் அதே 21-ஐயும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் திரும்ப நடந்த தேர்தலில் அதே கட்சிகள் வேட்புமனு கொடுத்தன.